ஜெபவேளையில் கேட்ட மெட்டு

ஜெயசிங்கம் புலம்பெயர்ந்து வந்த கிரின்ஸ்டெட் ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். வரிசையில் வரும் பொதிகளில் ஒன்றை எடுத்துத் திறந்து பிழை தேடுவது அவர் வேலை. ஞாயிறுகளில் தமிழ்ச் சபையின் ஒலிக்கருவிகளையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். இருபத்தாறு வருடமாகப் பிழை தேடியவருக்கு, பிழை அகப்படாவிட்டால் தான் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றும்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, ரூத் மெல்லக் கீபோர்டு வாசித்தாள். அவளுக்கு நாற்பது வயது, முதியோர் இல்லத்தில் வேலை. ஜெயசிங்கம் கண்ணை மூடுவதில்லை. ரூத்தின் இடதுகை ஒரு பக்கம் நடந்துகொண்டேயிருக்க, வலதுகை ஒரு சுரத்தை வேண்டுமென்றே பிசகவிட்டு, பிறகு நேராக்கியது. இது பாட்டுப் புத்தகத்தில் உள்ளதில்லை என்று அவருக்கு உடனே பட்டது.

காருக்குள் போய் இருந்து, அதே மெட்டைக் கைபேசிக்கு முணுமுணுத்தார். ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் ஜாஸ் இசை என்று அது காட்டியது.

ஜெப நேரத்தில் கார்ட்டூன். போதகரிடம் போவதற்குமுன் ஆதாரம் திரட்ட நினைத்தார். தொடரில் இருபத்துநான்கு பாகங்கள். கடலுக்கடியில் இருக்கும் ஒரு நகரத்தில் கடிதம் கொண்டுபோகும் மூன்று பேரின் கதை. காலை வேலை முடிந்ததும் காரில் இருந்தபடியே தினம் ஒரு பாகம் பார்த்தார், கையில் குறிப்பெழுதும் கொப்பியோடு. முதலாவதில் டிரம்பெட்டும் டிரம்ஸும் துரத்திப் பிடித்து ஓடின. அடுத்ததில் வெறும் மவுத் ஆர்கன். நாலாவதில் பெண்கள் கூட்டமாகத் தேவாலயத்தில் போலப் பாட, வேறு எதையோ திறந்துவிட்டோம் என்று திரும்பிப்போய்ப் பெயரைச் சரிபார்த்தார். ஒரே ஆள் இத்தனை விதமாக இசை அமைக்க முடியுமா என்பதிலும் அவருக்குச் சந்தேகம்.

தினமும் அரைமணி நேரம் பிந்தி வருகிறவரை மனைவி ராசமலர் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். கார்ட்டூன் பார்க்கிறேன் என்றார். அவள் நம்பவில்லை, ஒருநாள் அவரது சட்டையை முகர்ந்தும் பார்த்தாள்.

ஏப்ரலில் ஜெயசிங்கம் போதகர் நேதனிடம் முறையிட, அவர் ரூத்தையும் இவரையும் கூப்பிட்டு இருத்தினார். ரூத் மறுக்கவில்லை.

"ஓம் பாஸ்டர், அந்த மெட்டுத்தான். சனம் அழுது ஜெபிக்கேக்கை என்ரை கை தன்பாட்டிலை அதுக்குப் போகுது. அதிலை ஒரு சொல்லும் இல்லை."

போதகர் ஜெயசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "முழுக்கப் பாத்தனீங்களோ அண்ணை? என்ன பிழை கண்டனீங்கள்?"

ஜெயசிங்கம் கொப்பியைப் புரட்டினார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "ரண்டு இடத்திலை சுருட்டுப் பத்துறாங்கள். மற்றும்படி ஒண்டும் பிடிபடேல்லை. ஆனா எனக்கு நம்பிக்கை வரேல்லை."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரூத்தைத் தொடர்ந்து வாசிக்கச் சொன்னார்.

அதன்பிறகு ஞாயிறுகளில் ஒரு புது நிலைமை. ரூத் அந்தத் தொடரின் வேறு மெட்டுகளையும் வாசித்தாள். மண்டபத்தில் இருந்த அறுபது பேரில் எந்த மெட்டு எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ரூத் வாசிக்கத் தொடங்கியதும், இது ஒன்பதாம் பாகம், இது கடைசிப் பாகத்தில் மழை பெய்யும் இடம் என்று ஜெயசிங்கத்துக்குப் பிடிபட்டுவிடும். கூட்டம் முடிந்ததும் போய்ச் சொல்வார். அவள் ஓம் என்று தலையாட்டுவாள். கள்வனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி என்றுதான் அதை அவர் நினைத்துக்கொண்டார்.

ஜூனில் ஒரு ஞாயிறு அவள் வாசித்தது அவருக்குப் பிடிபடவில்லை. அந்தக் கிழமை முழுவதும் இருபத்துநான்கு பாகங்களையும் ஓட்டி ஓட்டித் தேடினார். எதிலும் இல்லை. அடுத்த ஞாயிறு நேராக அவளிடம் போய் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டார்.

"அது அதிலை இல்லை அண்ணை," என்றாள் ரூத். "அது நான் போட்டது."

 ஜெயசிங்கம் ஒரு கதிரையை இழுத்துக் கீபோர்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இன்னொருக்கா வாசியும் பிள்ளை," என்றார். "கேப்பம்."