சத்தம் வந்தால்தான் டர்ன்

புதுச்சேரி கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகே இருக்கும் அந்த டாக்சி ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. சவாரி வந்ததும் தலைவர் ராஜாங்கம் கையைத் தூக்குவார். வரிசையில் முதலில் நிற்கும் வண்டி உடனே எஞ்சினை உறும விட வேண்டும். நோயாளிகள் இருக்கும் இடத்தில் ஹாரன் அடிக்க முடியாதே, அதற்காக எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு. சத்தம் வரவில்லை என்றால் டிரைவர் டீக்கடையில் இருக்கிறார் என்று அர்த்தம். டர்ன் அடுத்த வண்டிக்குப் போய்விடும்.

பெட்ரோல் கார் ஓட்டிய காலத்தில் லூர்துசெல்வி ஒரு டர்னையும் விட்டதில்லை. முதலியார்பேட்டையிலிருந்து விடிந்ததும் வந்து நிற்பாள். ஸ்டாண்டில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். எலெக்ட்ரிக் கார் வாங்கியதும் வந்தது வினை. ராஜாங்கம் கையைத் தூக்குவார், இவள் பட்டனை அழுத்துவாள், வண்டி வாயே திறக்காது. கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துக்கொண்டே, சத்தம் வரவில்லை, அடுத்த வண்டி வா என்பார் அந்த மனிதர். இதற்குப் பெயர் சட்டமாம்.

வாங்கும்போதே வீட்டில் சண்டை. தமிழ்நாட்டு வண்டியெல்லாம் விலை குறைவென்று எல்லை தாண்டி வந்து நம்ம ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறது, நீ பிளக்கைத் தேடி அலையப் போகிறாயா என்று கணவன் பிரகாசம் தலையில் அடித்துக்கொண்டான். அவள் அசையவில்லை. பெட்ரோல் வாடை தாங்காமல் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுக்கும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. இந்த வண்டி அலுங்காமல் போகும், புகை கிடையாது, ஆயில் மாற்றும் தொல்லை இல்லை. கரண்டு போனால் திண்டாட்டம், தூரப் பயணம் என்றால் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டு போக வேண்டும், வழியிலிருக்கும் சார்ஜ் மிஷின் பாதி நாள் படுத்துக்கிடக்கும். அதையும் அவள் மறைக்கவில்லை. ஆனால் குறையுள்ள வண்டிக்கெல்லாம் டர்ன் இல்லை என்றால் அந்த ஸ்டாண்டே காலியாகிவிடுமே!

இப்படியே போனால் காரை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மற்றவர்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட கணவனைத் தாங்கியபடி சின்னப்பொண்ணு என்ற பெண் வந்தாள். செங்கம் போக வேண்டும். வழக்கம்போல லூர்துசெல்வியின் டர்ன் பறிபோய், சவாரி அடுத்து நின்ற ஜோசப் ஆனந்துக்குப் போனது. அவன் அப்போதுதான் டேங்க்கை நிரப்பிவிட்டு வந்திருந்தான். காரில் தலையை நுழைத்த நோயாளி குமட்டிக்கொண்டு வெளியே வந்து பிளாட்பாரத்தில் சாய்ந்தார்.

லூர்துசெல்வி எழுந்துபோனாள். டர்ன் தன்னுடையது, தானே கூட்டிப்போகிறேன் என்றாள்.

"வழியில சார்ஜ் தீந்தா நீ எறங்கி தள்ளுவியா?" என்றார் ராஜாங்கம்.

அவள் சின்னப்பொண்ணுவிடம் திரும்பி, "வாடை இருக்காதும்மா. ஆனா திண்டிவனத்துல நிறுத்தி சார்ஜ் போடணும். அங்க மிஷின் ஓடலன்னா வேற எடம் தேடணும். லேட்டாவும். வர்றியா?" என்றாள்.

"நிக்கட்டும்கா. இவரு நிம்மதியா படுத்துனு வந்தா போதும்."

மறுநாள் காலை ஸ்டாண்டே அவளுக்காகக் காத்திருந்தது. வண்டி நின்றதா என்று ராஜாங்கம் இளித்தார். நின்றது என்றாள். திண்டிவனத்து மிஷின் வேலை செய்யவில்லை, அடுத்த இடத்தில் வரிசை, சாயங்காலம் போக வேண்டியவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் போனார்கள். நோயாளி ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை, அதையும் சொன்னாள்.

ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஒரு சவாரி வந்தது, அவள் டர்ன்தான். ராஜாங்கம் கையைத் தூக்கினார், காதில் கை வைத்துக் கேட்பதுபோல வேடிக்கை காட்டிவிட்டு, "சத்தம் வரல" என்றார்.

லூர்துசெல்வி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"சத்தம் எதுக்குண்ணா? டிரைவர் டீக்கடையில இல்ல, வண்டியிலதான் இருக்காங்கன்னு தெரியத்தானே? நான் இருக்கேன். நேத்தும் இருந்தேன், நாளைக்கும் இருப்பேன்."

ராஜாங்கம் தூக்கிய கை அப்படியே நின்றது. அதை அவர் இறக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. சவாரியின் பையை வாங்கி டிக்கியில் வைத்தாள்.