பென்சில் தெருவில் ஒரு படுதா

நான் வாழும் ஜெர்மானியச் சிற்றூரில் சொந்தக் கடை வாசலில் ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். இது தெரியாமல், எங்கள் பிரியாணிக் கடையைத் திறந்த முதல் கோடையில் வாசலில் நிழலுக்கு ஒரு துணியைக் கட்டி, அதன் கயிற்றைத் தெருவிளக்குக் கம்பத்தில் முடிந்துவிட்டேன். திருச்சி பெரியகடை வீதியில் ஜவுளிக்கடைக்காரர் மகளாக வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? மறுநாளே பழங்கட்டடத் துறை அதிகாரி ஹெர் பிராண்ட் வந்து, மிகுந்த மரியாதையுடன் அதை அவிழ்க்கச் சொன்னார்.

"இந்தத் தெரு அந்தப் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும்" என்றார். அவர் சொன்னது ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பென்சில் ஓவியத்தை. இருநூறு ஆண்டுகளுக்கு முன், பாழடைந்த மதிலையும் பழைய தெருவையும் தேடித்தேடி வரைந்த கற்பனாவாதக் காலத்து ஓவியர் ஒருவரின் கைவேலை. எங்கள் கடை இருக்கும் வீடும் அதில் உண்டு.

நிழல் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? வெயிலில் கிடந்த எங்கள் மேசைகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். என் கணவர், "இன்னொரு கோடை இப்படிப் போனா கடையை மூடிட்டு ஊருக்கே போயிருவோம்" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிரியாணிக்குக் குறை சொன்னால் கேட்டுக்கொள்வேன். வெயிலுக்குத் தோற்றுப் போவதா, அதுவும் திருச்சிக்காரி?

அந்தப் படத்தைப் பார்க்கப் போனேன். சண்டைக்குத்தான் போனேன், ஆனால் நின்றுவிட்டேன். அருகிலிருக்கும் வீடுகளுக்குப் பென்சிலை அழுத்தியிருக்கிறார். தெரு வளைய வளையக் கை லேசாகி, கடைசியில் தேவாலயக் கோபுரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமளவுக்கு மெலிந்துவிடுகிறது. ஆளரவமே இல்லை. ஆனாலும் யாரோ இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார்கள் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நிழல் வேறு மாதிரி இருந்தது. கூரை நிழலின் விளிம்பு நேராக இருக்கும். இது நடுவில் தொய்ந்திருந்தது.

திருச்சியில் என் அத்தா சித்திரை மாத வெயிலில் கடை வாசலில் படுதாவை இழுத்துக் கட்டுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் மாமிகள் அந்த நிழலுக்குள் வந்து, முந்தானையால் விசிறிக்கொண்ட பிறகுதான் புடவை விலையே கேட்பார்கள். "நல்லா உள்ள தள்ளி நில்லுங்கம்மா, துணி பார்க்கிறது அப்புறம் இருக்கட்டும்" என்பார் அத்தா. படுதாவின் நிழல் எப்படித் தொய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹெர் பிராண்டைக் கையோடு அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்து அந்த நிழலைக் காட்டினேன். நிழலுக்கு மேலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "இது சுவர்ல பூசின வெள்ளைதானே?" என்றார். அதன் இரு மூலைகளிலிருந்து போகும் மெல்லிய கோடுகளைக் காட்டி, "சுவருக்குக் கயிறு எதுக்குங்க?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். ஓவியர் துணியை வரையவே இல்லை. தாளை வெறுமையாக விட்டு, அடியில் நிழலை மட்டும் தீட்டியிருக்கிறார். என்ன துணிச்சல் அந்த மனிதருக்கு!

"துணிதான்" என்றார் ஹெர் பிராண்ட், சிறுபிள்ளைபோல் சிரித்தபடி. அனுமதி கிடைத்தது. வெள்ளைத் துணி மட்டும், விளக்குக் கம்பத்தில் கட்டக்கூடாது.

இந்தக் கோடையில் மேசைகள் நிறைந்திருக்கின்றன. ஊருக்குப் போகும் பேச்சைக் கணவர் எடுப்பதில்லை. போன வாரம் ஓவியம் படிக்கும் பெண்ணொருத்தி எதிரே அமர்ந்து வரைந்துகொண்டிருந்தாள். "பழைய தெருவை வரையறேன். கொஞ்சம் உள்ள போறீங்களா?" என்றாள்.

"நான் இந்தத் தெருவோட ஆளுதாம்மா. என்னையும் சேர்த்தே வரை" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றேன்.

அவள் வரைந்ததைப் படமெடுத்துத் திருச்சியிலிருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான். "அக்கா, தெரு ரொம்ப நல்லா இருக்கு. வாசல்ல நிக்கிற அந்த ஜெர்மன்காரம்மா யாரு?"

பெருமையாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு, அந்தப் பென்சில் கோடுகளுக்குள் பெரியகடை வீதிக்காரி எங்கே நிற்கிறாள் என்று நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.