பின் டயரும் கொழும்பு பெர்மிட்டும்

என் வீட்டுக்காரர் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த கவனிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் பசியாற உட்காருவார். அந்த மகராசி வண்டி, என் தம்பி கொழும்புக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாளாகப் பார்த்து, பின் டயர் சப்பளிந்து வாசலில் வந்து நின்றது.

தம்பிக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மறுநாள் ராமநாதபுரத்தில் போட் மெயில் ரயிலைப் பிடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறியாக வேண்டும். தவறினால் அங்கே தங்கி வேலை பார்க்கும் பெர்மிட் காலாவதி. அந்த நாட்களில் ஒரு தரம் போன பெர்மிட் திரும்பி வராது. வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத வீடு எங்களுடையது. உள்ளே கலியாண வயதில் ஒரு குமர், எங்கள் தங்கை. அவன் அனுப்புவதை நம்பித்தான் எல்லாம். டயரைப் பார்த்ததும் சைக்கிள் கடைக்கு ஆளனுப்பினேன்.

அன்றைய பஸ் மதியமே போயிருந்தது. மறுநாள் பஸ்ஸோ ரயில் போன பிறகுதான் ராமநாதபுரம் போய்ச் சேரும்.

சைக்கிள் கடைக்காரர் வந்து சக்கரத்தைக் கழற்றினார். உடைமுள் ஏறியிருந்தது. முள்ளோடு ஓட்டி வந்ததில் டயரிலும் விரல் நுழையும் அளவு கிழிசல்.

"டியூப ஒட்டித் தாரேன். டயருதான் நைஞ்சு கெடக்கு. ரெண்டு ஆளு, பெட்டி வேற. மாத்துறது நல்லது" என்றார்.

"ஒட்டுனா தாங்குமா, தாங்காதா? ஒண்ணு சொல்லுங்க."

"தாங்குனாலும் தாங்கும்மா."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாற்று டயர் இல்லாமலில்லை. பக்கத்து ஊர்ச் சங்கு வியாபாரி ஒருவரிடம் இதே மாதிரி வண்டி ஓடாமல் கிடந்தது. கேட்டால் கழற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர் ஒரு கலியாண வீட்டில், நாலு பேர் முன்னால், எங்கள் வண்டியைப் பார்த்து "இத ஏலத்துல எடுத்தியளா, எடைக்கு எடுத்தியளா?" என்று கேட்டிருந்தார். அவர் வாசலில் போய் நிற்க என் வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை.

"அப்ப மாட்டு வண்டியாச்சும் பூட்டுங்க. இப்பவே கெளம்புனா விடியறதுக்குள்ள போயிரலாம்" என்றேன்.

"மோட்டார் சைக்கிள வாசல்ல வச்சுக்கிட்டு, கொழும்புக்குப் போற மாப்ளய மாட்டு வண்டில ஏத்துனா ஊரு என்ன பேசும்?" என் தம்பியை அவர் மாப்ள என்றுதான் சொல்வார்.

எங்கள் ஊரில் மருமகன்மார் பெண் வீட்டில்தான் இருப்பார்கள். அந்த வீட்டு ஆண் பிள்ளை கடல் கடந்து போகும்போது ரயிலேற்றிவிடுவது மருமகனின் பொறுப்பு. அதில் ஒரு குறை வந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் நானும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டேன். என்னால் கொஞ்ச நேரம்தான் முடியும்.

கடைசியில் ஒட்டுவது என்று முடிவானது. கடைக்காரர் டியூபை ஒட்டி, தண்ணீரில் அமுக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் தோணிக்காரர் மகன் ஆயிற்றே! தோணியில் பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பேர். அவருக்கு அதன்மேல் அசையாத நம்பிக்கை. என் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குங்கிலியம் காய்ச்சினார். வீடெல்லாம் புகை. டியூபின் ஒட்டின்மேல் ஒரு பூச்சு, டயர்க் கிழிசலில் பஞ்சு திணித்து இன்னொரு பூச்சு.

"நடுக்கடல்ல தோணியத் தாங்குறது, இந்த ரப்பரத் தாங்காதா?" என்றார்.

"தோணிக்குத் தண்ணி உள்ள வரப் பாக்கும். இதுல காத்து வெளிய போகப் பாக்குதே" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி."

தம்பி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். உம்மா உள்ளே அவனுக்காகக் கிண்டிய தொதல் இனிப்பை ஓலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்கினார். இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது, நான் ஒருத்திதான் கிடந்து அடித்துக்கொள்கிறேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். அதன்பின் எனக்கு எதிலும் கை ஓடவில்லை. அரிசியைக் களைந்தேன், மறந்துபோய் மறுபடி களைந்தேன். இந்நேரம் உடைமரக் காட்டைத் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் ஸ்டேஷன் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உச்சி வெயில் ஏறியது. யாரும் திரும்பி வரவில்லை என்பதால் ரயில் கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் மூச்சு விட்டேன்.

பொழுது சாய, அசர் பாங்கு சொல்லும் நேரம், தெருமுனையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். பின்னால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தம்பி.

பாதி வழியில் எண்ணெய் பட்ட ஒட்டு ஊறி உரிந்துபோய்விட்டதாம். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். குங்கிலியத்தைத் திட்டினேன், தோணியைத் திட்டினேன், வேறு வண்டியே அந்த ரோட்டில் வரவில்லையா என்று கத்தினேன்.

"உப்பு லாரி ஒண்ணு வந்துச்சு" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "கை காட்டுனேன். மாப்ளதான் என் கையப் புடிச்சு எறக்கிட்டாரு."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பெட்டியை இறக்கி வைத்தான்.

"நேத்துலேருந்து ஒட்டவா மாத்தவான்னு பேசுனீங்க. நீ போறியான்னு ஒரு ஆளு என்னயக் கேக்கலயே, லாத்தா" என்றான்.

முந்தின வருஷம் கொழும்பில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்தது எங்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்த புதிதில் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தான். இப்போது வாசலில் நின்றபடியே சொன்னான். கடை எரிந்தபோது பக்கத்து வீட்டுப் பரணில், வாயில் துணியைத் திணித்துக்கொண்டு கிடந்தானாம். கூட வேலை பார்த்தவன் கீழே கத்தியது கேட்டதாம். கடையைத் திரும்பக் கட்டிய பிறகும், எந்த நாளும் கதவைத் திறக்குமுன் ஓடி ஒளிய வழி எது என்று பார்த்துவைத்துக்கொள்வானாம்.

எனக்குப் பாவம் என்றிருந்தது, தங்கையின் கலியாணத்தை நினைத்துப் பயமாகவும் இருந்தது. அதைவிட, உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அவன் அனுப்புவதை வைத்துத்தானே அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்?

அதற்குள் உம்மாவே கேட்டுவிட்டார், உள் அறையிலிருந்து. "யாரு வந்திருக்கா? ரயிலு கெடச்சுதா?"

"இல்ல உம்மா. டயரு போச்சு. ரயில விட்டுட்டாங்க. தம்பி திரும்பி வந்துட்டான்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு உம்மா விம்மி விம்மி அழுதார்.