பன்னிரண்டு வருட விஸ்கியும் ஒரு வாழையிலையும்

இன்று இண்டூர்ப் பக்கம் எங்கள் முனியப்பனுக்குக் கிடா வெட்டு. என் அக்காவைக் கட்டிய பெங்களூரு மச்சான், ஸ்காட்லாந்து போய்த் திரும்பிய கையோடு ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டிலுடன் வந்து இறங்கினார்.

கறி வேகும் முன்பே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பார்லியை முளைகட்டிக் கையாலேயே கிளறுவார்களாம். அப்புறம் சரக்கு பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாயில் தூங்குமாம்.

"இதுல சோடா ஊத்தினா கொலைங்க மாமா. மொதல்ல மூக்குலதான் குடிக்கணும்" என்று என் சித்தப்பாவிடம் சொன்னார்.

கார்க்கை எடுத்து எல்லோர் மூக்கிலும் காட்டினார். தேன், புகை, கடல்காற்று எல்லாம் தெரிய வேண்டுமாம். சித்தப்பா பக்தியோடு முகர்ந்துவிட்டு, "மோட்டார் காயில் கருகுன வாசம்ங்க" என்றார். மச்சான் அவரை மன்னித்தார்.

அடுத்து போட்டோ. பின்னணி கிராமத்துக் களையோடு இருக்க வேண்டும் என்று பாட்டிலைக் கொண்டுபோய்ப் படையல் இலையில், சுருட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

இலையில் வைத்தால் அது சாமிக்கு. எங்கள் ஊரில் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பூசாரி வந்தார், கார்க்கைப் பிடுங்கினார், பாட்டிலை மொத்தமாக முனியப்பன் காலடியில் கவிழ்த்தார்.

"ஐயோ, பன்னெண்டு வருசத்துச் சரக்குங்க அது!"

"கவலப்படாதீங்க. சாமிக்குச் சொட்டுத் தண்ணி கலக்காமத்தான் ஊத்தியிருக்கறன்."

நாங்கள் மூக்கில் குடித்ததோடு சரி. முறைப்படி அருந்திய ஒரே ரசிகர் இன்னும் வாய் திறக்கவில்லை. யார் கனவிலாவது வந்து தேனா, கடல்காற்றா, மோட்டார் காயிலா என்று சொன்னால் கமெண்டில் போடுங்கள். மச்சான் சாப்பிடாமல் காத்திருக்கிறார்.