சாப்பாட்டு மேசையில் மூன்று ஆல்டர்னேட்டர்கள்

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒன்பது நாட்கள் மூன்று ஆல்டர்னேட்டர்கள் உட்கார்ந்திருந்தன. என் மாமியார்கூட எங்கள் வீட்டில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. தட்டு வைக்க இடமில்லாமல் நான் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஆல்டர்னேட்டர் என்றால் என்னவென்று முன்பு எனக்குத் தெரியாது. தெரியாதபோது நிம்மதியாக இருந்தேன். என்ஜின் ஓடும்போது பெல்ட் வழியாகக் கூடவே சுற்றி, கரண்ட் தயாரித்து, பேட்டரியை நிரப்புகிற சாமான் அது. அது போனால் கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்து வண்டியும் நின்றுவிடும். என் வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சென்னைப் பக்கம் நடக்கும் அமெச்சூர் பந்தயங்களுக்குக் கிளம்பினார். கிளம்பினாரே தவிர, போய்ச் சேரவில்லை. இரண்டு பந்தயம். இரண்டிலும் பாதியில் ஆல்டர்னேட்டர் போய், வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முதலில் போனது வண்டியோடு வந்தது. இரண்டாவது, 'புத்தம் புதுசு' என்று இவர் தேடித் தேடி வாங்கியது.

அந்த இரண்டாவது தடவை லாரியில் திரும்பும்போது ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, வண்டி மேலா என்று எனக்கே தெரியவில்லை. திண்டிவனம் தாண்டும்போது சொல்லிவிட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவ. அதுலயும் பாதியில நின்னா வண்டிய வித்துடணும்."

"சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "ஜெயிக்கணும்னு இல்லம்மா. கடைசியில காட்டுவாங்களே, அந்தக் கட்டம் போட்ட கொடிய ஒரு தடவ தாண்டணும். அவ்ளோதான்" என்றார்.

அப்படித்தான் அந்த மூன்றும் மேசைக்கு வந்தன. ஒன்று, அதே மாதிரி காரை உடைத்த இடத்திலிருந்து கழற்றி வந்த பழசு. இன்னொன்று, போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தது, பளபளவென்று பெட்டியோடு. மூன்றாவது ஏதோ ஒரு வேனுடையது, பூசணிக்காய் அளவில். தினமும் வேலை விட்டு வந்ததும் கைகூடக் கழுவாமல் ஒவ்வொன்றின் நடுவிலும் சுழல்கிற தண்டை விரலால் சுற்றுவார். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை அதில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, உள்ளே உரசல் கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நோட்டில் எழுதுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி தின்று முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் இவர்.

பத்தாவது நாள் பொறுக்கமாட்டாமல் என் சித்தி பையனைக் கூப்பிட்டேன். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறான். வந்தவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, ஆல்டர்னேட்டர் மேல தப்பே இல்ல. ரோட்டுக்குன்னு செஞ்சத நீங்க அந்த வேகத்துல சுத்த விட்டா உள்ள இருக்கற கம்பியே பிரிஞ்சி வந்துடும். பழசே போதும். பேரிங் மாத்திடறேன். இதுல பெல்ட்டு ஓடற சக்கரம் இருக்கு பாருங்க, இந்தப் புல்லிய கழட்டிட்டு பெரிய புல்லியா போட்டுடுவோம். என்ஜின் எவ்ளோ பறந்தாலும் இது நிதானமா சுத்தும்."

"அவ்ளோதானா?" என்றார் இவர், ஒன்பது நாள் நோட்டைப் பார்த்தபடி.

"ஒண்ணே ஒண்ணு. வண்டி நின்ன எடத்துல என்ஜின் மட்டும் ஓடிக்கிட்டிருந்தா சார்ஜ் ஏறாது. வெயிட்டு கொறைக்கறேன்னு பேட்டரியும் சின்னதா போட்டிருக்கீங்க. நிக்கும்போது லைட்டு கிட்டு எதுவும் போடக் கூடாது."

நான் பக்கத்திலேயே டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. இதை ஒளிப்பதற்கில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் லாரி வருவதாக ஏற்பாடு. காலையில் வண்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோனோம். மந்திரிக்காமல் அனுப்பியதால்தான் இரண்டு தடவையும் நின்றது என்பது என் கட்சி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களும் வைப்போம். பாதிரியாரை நாங்கள் சாமியார் என்போம்; அவர் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். என்ஜின் ஓட வேண்டும், முன் லைட் இரண்டும் எரிய வேண்டும், அப்போதுதான் தீர்த்தம் தெளிப்பது. யார் சொன்ன சட்டமோ, எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

"என்னாங்க, லைட்ட போடுங்க."

"வேணாம்மா. மச்சான் சொன்னான்ல?"

"அஞ்சு நிமிஷந்தாங்க. இருட்டடிச்ச வண்டிய மந்திரிச்சா நல்லாவா இருக்கும்?"

போட்டார். சாமியார் வர கால் மணி நேரம் ஆனது. வந்தவர் வண்டியைச் சுற்றி வந்து, பின் சீட் எங்கே, கதவு ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு புத்தகத்தைத் திறந்து, வழிப்போக்கர்களுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக நிதானமாக ஜெபித்தார். லைட் மங்கிக்கொண்டே வந்தது. ஆமென் சொல்லி நிமிர்வதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கோயிலில் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் கைகொடுக்க, நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தம்பி கடைவரைக்கும் தள்ளினேன். அவன் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"யாரு லைட்ட போட்டது?"

"நான்தான். மறந்து போட்டுட்டேன்" என்றார் இவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. லாரி வரும்வரை பேட்டரி சார்ஜரில் கிடந்தது. முழுதாக ஏறியதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, என்ன குளறுபடியோ, கிளம்பச் சொல்லிக் கொடி அசைக்கவே இல்லை. எல்லா என்ஜினும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இவர் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கில் கால். ஒழுங்கான மனிதர், வண்டி நின்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருப்பார்.

"காலை எடுங்க" என்று அவ்வளவு தூரத்திலிருந்து கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் தன் காலை இழுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நான் போடச் சொன்ன லைட்டால்தான் இவர் நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது. தானாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு சுற்றும் ஓடினார். கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தார். கடைசியாக வந்தவருக்கு டயர் பஞ்சர். ஆனாலும் அந்தக் கொடியை என் வீட்டுக்காரர் தாண்டினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

லாரியில் திரும்பும்போது மனிதர் வாய் ஓயாமல் பேசினார். திண்டிவனம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "ஆசை தீந்துடுச்சிம்மா. இப்ப வித்துடலாம். உனக்கும் நிம்மதி" என்றார்.

"லைட்ட போடச் சொன்னது நான்னு தம்பிகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஆயுசுக்கும் உன்ன ஓட்டுவான்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மிச்சமிருந்த இரண்டு ஆல்டர்னேட்டரையும் மேசையிலிருந்து தூக்கப் போனார்.

"அந்தப் பெட்டியில வந்தது இருக்கட்டும்" என்றேன். "அடுத்த தடவைக்கு ஒண்ணு கையில இருக்கணும்ல."

அவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.