கரண்டு மட்டும் தின்னுற டப்பா

போன மாசம் எங்க வூட்டுல ஒரு மெஷின் பொறந்துச்சிபா. மாவு அரைக்காது. தண்ணி எறைக்காது. பாட்டும் பாடாது. கரண்ட தின்னும்... சூடாவும். அவ்ளோதான்!

"இன்னாடி மகேசு, உன் புருசன் மாதிரியே இன்னொண்ணு செஞ்சி வச்சிருக்க?"ன்னேன்.

"சிரிக்காதீங்க அத்த. இதுக்குப் பேரு லோடு"ன்னா மருமவ.

மகேசு எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. எங்க ஊரு உறுவையாத்துல, வூட்டுப் பின்னால தெர்மாகோல் பொட்டியில முட்டைய அடுக்கி, நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிறா. உள்ள சூட்டுக்கு பல்பு, காத்துக்கு சின்ன ஃபேன். எல்லாம் ஒரு அடாப்டர்ல ஓடுது. போன தடவ அந்த அடாப்டர் பாதியில படுத்துக்கிச்சி. குஞ்சுங்க முட்டைக்குள்ளயே செத்துப் போச்சி. மகேசு சோத்துல கையே வைக்கல.

அப்பத்தான் எதிர்வூட்டு லட்சுமி மறுபடி ஒரு கூடை முட்டை குடுத்துருந்தா. சும்மாவா குடுத்தா? "இதையும் கெடுத்தீன்னா என் வாசப்படி ஏறாதடி"ன்னு சொல்லித்தான் குடுத்தா. முட்டையும் ரொம்ப நாள் காத்துக்கினு இருக்காதே!

என் மவன் செல்வம் வில்லியனூரு போயி பளபளன்னு ஒரு அடாப்டர் வாங்கியாந்தான். "பத்து ஆம்ப்ஸு! ஸ்டிக்கர்லயே போட்டுருக்கான் பாரு. முட்டைய வையிடி"ன்னான்.

"ஸ்டிக்கரா குஞ்சு பொரிக்கப் போவுது?"ன்னு கேட்டுட்டு, இவ இந்த டப்பாவ செய்ய உக்காந்துட்டா.

ஒடஞ்ச கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டுன அலுமினியக் கட்டி, அது மேல ஒரு ஃபேன். கட்டியில நகம் சைசுக்கு ஒரு கறுப்பு வில்ல திருகியிருந்துச்சி — மாஸ்பெட்டாம். அதுதான் கரண்ட முழுங்குறது. எவ்ளோ முழுங்கணும்னு சொல்ல ஒரு குமிழு. பக்கத்துல நம்பர் காட்ற மீட்டரு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன்டி, ஆட்டோ பல்பு ரெண்டு மாட்டிப் பாத்தா பத்தாதா?"

"பல்பு அது இஷ்டத்துக்கு இழுக்கும் அத்த. இது நான் திருவுற அளவுதான் இழுக்கும். நம்ம முட்டைப் பொட்டி எவ்ளோ இழுக்குமோ, அதுக்கு மேல கொஞ்சம் வச்சி இழுக்க வுட்டு, அடாப்டர் தாங்குதான்னு பாக்கப் போறேன்."

"இழுத்த கரண்டுலாம் எங்க போவுது?"

"சூடாப் போவுது."

மொதல்ல ஒரு பேட்டரியில மாட்டி ஓட்டிக் காட்டினா. நான் கையக் காட்டிப் பாத்தேன். அடேங்கப்பா! "அப்ப முட்டைய இது மேலயே வச்சிடேன்டி!"

"குஞ்சு வராது. அவிச்ச முட்டதான் வரும்."

சரி, புது அடாப்டர மாட்டினா. மீட்டர்ல பன்னண்டு வோல்ட்டு... அசையல. செல்வம் மீசைய தடவினான். "பாத்தியா? வை முட்டைய!"

"இருங்க. ஓடட்டும்."

நான் ஒரு உலை வச்சி, சோறு வடிச்சிட்டு வந்து பாக்குறேன்... பன்னண்டு வோல்ட்டு பத்தா எறங்கிருச்சி. அடாப்டரத் தொட்டா தோசக்கல்லு! கொஞ்ச நேரத்துல மீட்டரே அணைஞ்சி போச்சி. அவன் மொகமும்தான்.

அப்பறம் பழைய டேப்ரெக்கார்டுக்கு நாங்க வச்சிருந்த, செங்கல்லு கணக்கா கனக்குற ஒரு அடாப்டர மாட்டினா. வோல்ட்டு அதே பன்னண்டுதான், அழகுதான் கெடையாது. பொழுது சாயிற வரைக்கும் ஓடிச்சி. நம்பரு நகரல. மகேசு எழுந்துபோயி முட்டைய அடுக்கினா.

ஏன்பா, மனுசாளும் இப்பிடித்தானே? சும்மா நிக்கும்போது எல்லாரும் பன்னண்டு வோல்ட்டுதான். சுமைய ஏத்தி கொஞ்ச நேரம் வுட்டாத்தான தெரியுது?

நேத்து பொட்டிக்குள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம். மொத ஆளா ஓடியாந்தவ லட்சுமி! குஞ்ச மடியில போட்டுக்கினு எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டா.

சந்தோசத்துல மகேச சீண்டிப் பாத்தேன். "ஏன்டி, என் மவனுக்கும் ஒரு குமிழு வச்சி திருவிப் பாரேன்?"

குஞ்சுக்குத் தண்ணி வச்சிக்கினே சொன்னா: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திருவிக்கினுதான் அத்த இருக்கேன்... மீட்டருதான் அசைய மாட்டேங்குது!"