சைரன் ஊதியதும் எங்கே ஓடினார்கள்

கீழவாஞ்சூர் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். குளிர்பதன அறைகளுக்குப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்தால் வெளியேறுவதற்குச் சட்டப்படி ஒத்திகை நடத்த வேண்டும். முதல் ஒத்திகையில் சைரன் ஊதியதும், இறால் உரிக்கும் பெண்கள் வாசலுக்கு வராமல் உடைமாற்றும் அறைக்கு ஓடினார்கள். பயத்தில் வழி தவறிவிட்டார்களா என்று எனக்குப் புரியவில்லை.

“ஏன்க்கா அங்க போனீங்க?” என்று ஒருவரிடம் கேட்டேன்.

“போனை அங்கதானே சார் பூட்டி வைக்கச் சொல்றீங்க? சைரன் சத்தம் கேட்டா வீட்ல புள்ளைவோ பயந்துடும். நல்லாருக்கேன்னு சொல்ல வேணாமா?”

நிர்வாகத்திடம் பேசி, போன் பெட்டிகளை வாசலுக்கு வெளியே மாற்றினேன். அடுத்த ஒத்திகையில் எல்லோரும் நேராக வெளியே வந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனில் பேசியதில், பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கத்தான் என்னால் முடியவில்லை.